ஏழு மட்டும் நிற்காது

விருதம்பட்டுக் கோயிலின் வடக்குச் சுவரில்
பாட்டு எண் பலகை.
வரிசைக்கு மூன்று இலக்கம்.
அதைப் பார்த்துத்தான் நான் சீட்டு எடுத்தேன்.

ஞாயிறு முதல் பாட்டு இருநூற்றுப் பதினான்கு என்றால்
திங்கள் காலை பாலாற்றுப் பாலத்தடியில்
சைக்கிள் கடைக்காரனிடம்
இரண்டு, ஒன்று, நான்கு.
கர்த்தர் குறிப்புக் காட்டுகிறார் என்று
வாய்கூசாமல் சொல்லிக்கொண்டேன்.
ஒரே ஒருமுறை அடித்தது.
அந்த ஒருமுறைதான் கெடுத்தது.

அறுப்பின் பண்டிகை ஏலப்பணம்
முப்பத்தோராயிரத்து நானூறு,
பொருளாளர் ஞானாபரணம் வீட்டுப் பீரோவில், அதாவது என் வீட்டில்.
மேபல் டீச்சர் ஆயிரம் ரூபாய்க்குக் கேட்டு எடுத்த
ஒற்றை எலுமிச்சம்பழம் அதில் இருந்தது.
கழிஞ்சூர் லில்லி கொண்டுவந்த
முட்டையிடும் பெட்டைக்கோழி இருந்தது.
ஒன்பது வாரம்.
மூன்று மூன்று இலக்கமாக எல்லாம் போயிற்று.

மனைவிக்கு நோய் என்று சொல்லலாம்.
கமிட்டியில் சொல்லியும் பார்த்தேன்.
செல்வமலர் பின்வரிசையிலிருந்து எழுந்து
"எனக்கு ஒரு நோயும் இல்லை" என்றாள்.
அப்புறம் ஃபேன் சத்தம் மட்டும்.

தோட்டப்பாளையத்தில் ஒரு லாட்ஜ், இராத்திரி வேலை.
வங்காளத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு
சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை.
கோயிலுக்கு மூன்று கிலோமீட்டர்.
இரண்டு வருஷம் பாலத்தைத் தாண்டவில்லை.

முன்னூற்றேழாம் அறைக்காரர்
(அந்த எண்ணையும் மனசு சீட்டாக எழுதிப் பார்த்தது)
மனைவிக்கு விடிந்தால் ஆபரேஷன் என்று
துண்டில் சுற்றிய பணத்தை என் மேஜையில் வைத்தார்.
"தாதா, ராகுன்" என்றார்.
எனக்கு அவர் பாஷை தெரியாது.
அவருக்கு என்னைத் தெரியாது.
தெரியாததால்தான் கொடுத்தார்.
விடியும்வரை அந்தத் துண்டின்மேல்
கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.
ஜெபம் வரவில்லை. வேர்வைதான் வந்தது.
ஆறு மணிக்கு அவர் எண்ணிக்கூடப் பார்க்காமல்
எடுத்துக்கொண்டு ஓடினார்.

நான் திரும்பிப் போன ஞாயிறு பண்டிகை இல்லை.
மே மாதம். பாதிப்பேர் வெளியூர் போயிருந்தார்கள்.
செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்துப் பெஞ்சு.
ஆயர் பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி இருக்குமோ என்று
வயிற்றைக் கலக்கியது.
கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினார்.
லில்லி என்னைப் பார்த்துவிட்டு
எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள்.
போகட்டும்.
அது அவள் கோழி.

மாதம் ஐந்நூறு, கவரில், பெயர் எழுதி.
அடைந்து முடிய ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும்.
முதல் கவரை வாங்கிக்கொண்ட மேபல் டீச்சர்
பீரோவுக்கு அடியில் குனிந்து
ஒரு பழைய பிஸ்கட் டின்னை இழுத்தார்.
உள்ளே பலகையின் எண் கட்டைகள்.
"ஸ்டூல் ஏற முடியலே எனக்கு.
அடுத்த வாரம் ஆறரைக்கே வந்துடுங்க."

வேண்டாம் டீச்சர், என்றேன்.
இந்த எண்களை நான் என்ன செய்தேன் தெரியுமா என்றேன்.
"ஊருக்கே தெரியும்" என்றார்.
"ஏழு மட்டும் நிக்காது, ஆணி தேஞ்சுபோச்சு.
விழுந்தா எடுத்து மாட்டுங்க.
நம்மகிட்ட வேற ஏழு கிடையாது."

அடுத்த ஞாயிறு ஸ்டூல்மேல் நின்றேன்.
ஒன்று. ஏழு. மூன்று.
கை மாட்டிக்கொண்டிருக்கும்போதே
நாக்கு அதைச் சீட்டாகச் சொல்லிவிட்டது.
வரும் வழியில் சைக்கிள் கடை ஷட்டர்
பாதி திறந்திருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் எழுந்து பாடினார்கள்.
மூன்றாம் சரணத்தில்
டொக் என்று விழுந்தது ஏழு,
பெஞ்சுக்கடியில் உருண்டது.
பாட்டை ஒருவரும் நிறுத்தவில்லை.
லில்லி மட்டும்
காலை ஒதுக்கி இடம் விட்டாள்.
நான் குனிந்து எடுத்தேன்.