காற்று வீசாத செவ்வாய்

நீ நன்றாக இருந்த நாளில்தான் கிளம்பினேன், எத்வின்.
உன் அக்கா நெவியா அதை மன்னிக்க மாட்டாள்.
"இப்போதா? சவரம் செய்திருக்கிறானே,
அடுப்படியில் நிற்கிறானே" என்று
போனில் அழுதாள்.

மற்ற நாட்களில் எப்படிப் போவது?

பிப்ரவரியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய்.
பத்தொன்பது நாள். எண்ணினேன்.
சமையலறைக் கத்திகளைக் காப்பிச் சாக்கில் சுற்றி
கிடங்குக்கு எடுத்துப் போய்
என் லாக்கரில் பூட்டினேன்.
ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்றோம்.

ஏப்ரலில் உனக்குத் தூக்கமே தேவைப்படவில்லை.
என் பெயரில் கடன் எழுதி
இன்ஜின் இல்லாத படகு வாங்கினாய்.
விடிகாலை மூன்று மணிக்குக்
கதவுகளுக்கெல்லாம் மஞ்சள் பூசினாய்.
அப்போது நீ அவ்வளவு அழகு.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
பெயின்ட் காயாத கையோடு என்னை இழுத்து ஆடவைத்தாய்.
நீலக் கோட்டின் முதுகில்
உன் ஐந்து விரலும் இன்னும் இருக்கின்றன.
போகாது என்றார் சலவைக்காரர்.

ட்ரியெஸ்தேயில் போரா காற்றுக்கு இரண்டு பெயர்.
வானம் வெளுத்திருந்தால் வெளிச்சப் போரா.
மழையோடு வந்தால் இருட்டுப் போரா.
இறங்குவது ஒரே மலையிலிருந்து.
முன்பெல்லாம் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்களாம்,
பிடித்து நடக்க.
ஆறு வருஷம் நான் அந்தக் கயிறு.
இழை இழையாகப் பிரிந்ததை நீ பார்க்கவில்லை.
முகத்தில் காற்று அடிக்கும்போது
யார்தான் கயிற்றைப் பார்ப்பார்கள்.

மாத்திரை டிராயரில் இருக்கிறது.
மூன்று பெட்டி, இரண்டு பிரிக்காதவை.
ஒருமுறை பன்னிரண்டு நாள் சாப்பிட்டாய்.
கடல் சாம்பலாகத் தெரிகிறது என்று நிறுத்திவிட்டாய்.
டாக்டர் பெர்ட்டோக்கி உன்னை வரச்சொல்லிக்கொண்டே இருந்தார்.
உனக்குப் பதில் நான் போனேன்.
"நீங்கள் தூங்குகிறீர்களா?" என்று கேட்டார்.
பதில் யோசிப்பதற்குள்
அந்த நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.
விழித்தபோது யாரோ போர்த்தியிருந்தார்கள்.

என் வேலை காப்பி ருசிப்பது.
உறிஞ்சு, நாக்கில் சுழற்று, துப்பு.
ஒரு நாளைக்கு நூற்றிருபது கோப்பை.
விழுங்கினதெல்லாம் வீட்டில்தான்.

செவ்வாய்க்கிழமை காற்றே இல்லை.
கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது.
நீ வைத்த பீன்ஸ் சூப்பில் உப்பு சரியாக இருந்தது.
"போகிறேன்" என்றேன்.
கரண்டியைக் கீழே வைத்தாய்.
கொஞ்ச நேரம் அடுப்பைத் துடைத்தாய்.
பிறகு, எத்தனை மணிக்கு ரயில் என்றாய்.

அப்படிக் கேட்கத் தெரிந்தவனோடுதான்
நான் வாழ வந்தேன்.
வருஷத்துக்கு நாற்பது நாள் வருவான்.
கூட்டிப் பார்த்தேன், பெருக்கிப் பார்த்தேன்,
போதவில்லை.

உதினே போகும் ரயில். ஆறு பதினான்கு.
மன்ஃபல்கோனே நெருங்கும்வரை
கடல் ஜன்னலோடு வந்தது.
திடீரென்று கத்திகள் ஞாபகம்.
நெவியாவுக்கு எழுதினேன்:
லாக்கர் முப்பத்தொன்று, சாவி காவலாளியிடம்.
குளிர்காலத்தில் அவனிடம் கொடுக்காதே.
படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை.

குளிராக இருந்தது, கோட்டைக் கழற்றவில்லை.
இருக்கையில் சாய்ந்தேன்.
முதுகில் உன் கை.
தூங்கிவிட்டேன்.