பெல்ட்டின் கடைசி முழம்

கொம்பையா சாவி தரும்முன்
பானெட்டில் கை வைத்தேன். சூடு.
'காலைலயே ஒரு ரவுண்டு போயிட்டீரோ?'
'பேட்டரி எறங்கிரும்லா வே.'
எஞ்சின் குளிரும்வரை வண்ணார்பேட்டை ஷெட்டில்
ரெண்டு டீ குடித்தோம்.
டர்போ வண்டியின் முதல் இருமலைக் கேட்காமல்
காசு பேசக் கூடாது.

இருமவில்லை.
நாங்குநேரி ரோட்டில் மூன்றாம் கியரில் மிதித்தேன்,
முதுகைச் சீட்டோடு அறைந்தது.
புகை இல்லை. டயர் நாலும் ஒரே வருசம்.
அடியில் படுத்துப் பார்த்த பீர் முகைதீன்
டார்ச்சை அணைத்தபடி வந்தான்:
'சுத்தம். ரொம்பச் சுத்தம்.'
அந்த ரொம்பவை அவன் சொன்ன விதம்.

பின்சீட்டு பெல்ட்டை இழுத்தேன்,
யாரும் இழுத்துப் பார்க்காத கடைசி முழம்வரை.
அங்கே ஒரு கோடு.
சாம்பல் நிறம். நகத்தால் சுரண்டினால் மினுக்கியது.
இந்த மண்ணை எனக்குத் தெரியும்.
போன மார்கழியில் என் வீட்டு பீரோவில்
மூன்றாம் தட்டிலிருந்து வழித்தெடுத்தேன்.

கொம்பையா பெல்ட்டைப் பார்க்கவில்லை.
'உம்ம வீட்ல எம்புட்டு ஏறிச்சு?'
'இடுப்பு.'
'இங்க கழுத்து.'
புதுச் சுண்ணாம்புக்கு அடியில்
சுவரிலும் அதே கோடு.

விலையை அதன்பிறகு
ரெண்டு பேரும் எடுக்கவில்லை.
பெல்ட் தானே சுருண்டு உள்ளே போனது,
பாதியில் ஒருதரம் நின்று.