ஐஸ் கம்பெனிக்காரன் சாட்சி

செத்துப்போனேன் என்கிறார்கள்.
நாலு நிமிஷம். ஆம்புலன்ஸ் பையனின் கணக்கு.
கம்ப்ரசர் மோட்டாருக்கு எர்த் இல்லை,
உப்புத் தண்ணீரில் வெறுங்கால்.
முதுநகர்த் துறைமுகத்தில் அன்றைக்கு மத்தி வரத்து அதிகம்,
ஐஸுக்கு அடிதடி.
மூன்று பார் லாரியில் ஏறிய பிறகுதான்
நான் விழுந்து கிடந்ததைப் பார்த்தார்களாம்.

நெஞ்சை அமுக்கியதில் விலாவில் இரண்டு எலும்பு போனது.
அதைத் தொட்டுப் பார்க்கத்
தோமையார்கள் தினமும் வருகிறார்கள்.

மச்சான் தொபியாஸ் சபை மாறிப் பத்து வருஷம்.
மஞ்சக்குப்பத்தில் பந்தல் போட்டு
மைக்கை என் கையில் திணித்தான்.
"சுரங்கம் மாதிரி இருந்துச்சுன்னு சொல்லு.
கடைசியில வெளிச்சம்.
வெள்ளை அங்கிய மறந்துடாத."
நான் சொன்னது:
மோட்டார் சத்தம் நின்றது,
இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக.
அவ்வளவுதான்.
பிளாஸ்டிக் நாற்காலிகள் கிறீச்சிட்டன.
யாரோ ஒரு அல்லேலூயாவைப் பாதியில் விழுங்கினார்.

எங்கள் கோயில் உபதேசியாருக்கு வேறு கவலை.
"உத்தரிக்கிற ஸ்தலத்து வாசல் வரைக்கும் போயிருப்ப.
செஞ்ச பாவமெல்லாம் ஞாபகம் வந்துச்சா?"
ஒன்று வந்தது.
கேஸ் சிலிண்டருக்குச் சொல்லி வைக்கவில்லை என்று.
அது செத்தபோதா, கண் விழித்தபோதா,
அதுவும் தெரியவில்லை.

அமலோற்பவம் மட்டும் கேட்கவில்லை.
கஞ்சி ஆற்றினாள். மாத்திரையை எண்ணி வைத்தாள்.
ஒன்பதாம் ராத்திரி கரண்ட் போய்,
சிப்காட் வாடை ஜன்னலுக்குள் வந்து படுத்த நேரம்,
சுவரைப் பார்த்தபடி கேட்டாள்:

"அங்க குளிருதா?"

தானே புயலுக்கு முந்தின வாரம்.
அழாமலே பிறந்தவள்.
தலையில் தண்ணீர் ஊற்ற நேரமில்லாததால்
கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே இல்லை, மதிலோரம்,
நர்ஸ் கொடுத்த ஒரு துண்டோடு, மழையில்.
நான்தான் வைத்தேன்.
துண்டு ஏற்கெனவே நனைந்திருந்ததை
இவளிடம் சொன்னதில்லை. எப்படித் தெரியுமோ.

பழைய ஞானோபதேசத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு
ஒரு இடம் இருந்தது.
வேதனை கிடையாது, தேவ தரிசனமும் கிடையாது.
இப்போது அப்படிச் சொல்வதில்லை,
ஆண்டவரின் இரக்கத்தில் விட்டுவிடுகிறோம் என்கிறார்கள்.
அங்கே போர்த்திக்கொள்ள ஏதாவது உண்டா என்று
இரண்டிலும் ஒரு வரி இல்லை.

குளிர் எனக்குத் தெரியும். அதில்தான் சோறு.
முதலில் விரலை எடுத்துக்கொள்ளும்,
அப்புறம் எத்தனை விரல் என்பதை.
அந்த நாலு நிமிஷத்தில் அது இருந்ததா?
சூடு இருந்ததா?
தோண்டித் தோண்டிப் பார்த்தேன்.
மோட்டார் நின்றது. அதற்குப் பின்னால்
ஒரு கைப்பிடிகூட இல்லை.

"இல்லடி" என்றேன்.
"கதகதன்னு இருந்துச்சு.
விடியக்காலையில ரொட்டிக்கடைக்குப் பின்பக்கம் போவோமே,
அந்த மாதிரி."

இருட்டில் அவள் முதுகு
பன்னிரண்டு வருஷத்து மூச்சு ஒன்றை இறக்கியது.
தூங்கிவிட்டாள்.
நான் எட்டாம் கற்பனையோடு விழித்திருந்தேன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம்.
சாமியார் எறையூர்க்காரர், சின்ன வயசு.
பொய்சாட்சி சொன்னேன் சாமி,
அதுவும் மறுலோகத்தைப் பற்றி.
எல்லாம் கேட்டார். திட்டவில்லை.
மூன்று அருள்நிறை மந்திரம் அபராதம்.
ஆசீர்வாதம் முடிந்தது, எழுந்தேன்.

"பிலவேந்திரன்."

பெயர் சொல்லக் கூடாத இடத்தில் பெயர் சொன்னார்.
மறுபடி முட்டி போட்டேன்.
"சித்திரையில எங்கம்மா..."
நிறுத்தினார்.
வலைக்கு அந்தப் பக்கம் அவர் விரல் நாலும்
கம்பியைப் பிடித்திருந்தன.
"நெசமாவே குளிரலதானே?"

முட்டிக்குக் கீழே பலகை சில்லென்றிருந்தது.
துறைமுகத்துப் பக்கம் ஒரு லாரி
விடாமல் ஹாரன் அடித்தது.
ஐஸுக்குத்தான்.