கலைத்துவிட எண்ணூறு ரூபாய்

கம்மனஹள்ளி மெயின் ரோட்டில்
பேக்கரிக்கு மேலே முதல் மாடி.
என்னிடம் வந்து போகிறவர்களின் முடியில்
கொஞ்சம் பன் வாசனையும் ஏறிப்போகும்.
அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.

சனிக்கிழமை காலை
தோழி கல்யாணத்துக்கென்று நான்கு பேர்.
நான்கு ஃபோனிலும் ஒரே படம்:
கடற்கரை, காற்று,
கலைந்தும் கலையாத பின்னல்,
எதற்கோ சிரிக்கிற வெள்ளைக்காரி.
இதே மாதிரி வேணும் என்றார்கள்.
கடல் இங்கிருந்து முந்நூற்றைம்பது கிலோமீட்டர் என்றேன்.

போஹோ என்று பெயர் சொன்னாலும்
முதலில் இறுக்கித்தான் ஆக வேண்டும்,
ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும்போது
அம்மாக்கள் பின்னுவார்களே, அப்படி.
பிறகு நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு மடிப்பின் ஓரத்தையும்
மெல்ல மெல்ல வெளியே இழுக்க வேண்டும்,
தூங்கிவிட்ட குழந்தையின் விரலிலிருந்து
சட்டைப் பித்தானை மீட்பது போல.
கூட இழுத்தால் தலைவிரி கோலம்.
குறைய இழுத்தால் என்.சி.சி. பரேட்.

ஜெசிந்தாவுக்கு வழுக்குகிற நேர்முடி.
தலை குளிக்காமல் வா என்றிருந்தேன்,
குளித்துவிட்டு வந்து நிற்கிறாள்.
பின் ஒவ்வொன்றாய்த் தரையில் விழுந்தது.
வேரில் பவுடர் தூவி முரடாக்கினேன்.

மஹ்ஜபீனுக்கு இடுப்புவரை அடர்த்தி.
நாலுகால் பின்னல், பக்கவாட்டில்,
தோளைத் தாண்டி மடியில் கிடந்தது.
பின்னி முடிப்பதற்குள்
அவள் ஒரு இன்டர்வியூவே கொடுத்துவிட்டாள் ஃபோனில்.

எனக்கு எலிவால் என்றாள் பிரணதி,
நான் சொல்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்பதுபோல்.
மூன்று மெல்லிய பின்னல்,
மூன்றையும் கால்களாக்கி இன்னொரு பின்னல்,
இழுக்க இழுக்கப் பெருகியது.
பின்பக்கம் காட்ட இரண்டாவது கண்ணாடி கேட்டாள்.
மூன்று தடவை கேட்டாள்.

க்ளாரிஸ் கின்ஷாசாவிலிருந்து வந்து நர்ஸிங் படிக்கிறவள்.
சுருளுக்குள் சுருள், அதற்குள்ளும் சுருள்.
சீப்பை எடுத்தேன்.
மணிக்கட்டைப் பிடித்தாள்.
"நீரு" என்றாள் கன்னடத்தில்.
என் பதினொரு வருடத் தொழில்
சீப்போடு சேர்ந்து மேஜையில் கிடந்தது.
தண்ணீர் தெளித்து, எண்ணெய் தொட்டு,
விரலாலேயே சிக்கெடுத்துப் பின்னினேன்.
அவளுக்குத் தளர்த்துகிற வேலை இல்லை.
இரண்டு சுருள்கள் தாமாகவே வெளியே வந்து
எட்டிப் பார்த்தன. விட்டுவிட்டேன்.

அவர்கள் போனதும் ஹொன்னம்மா வந்தார்.
டிராஃபிக் போலீஸ் என்று
சேலையில் வந்ததால் தெரியவில்லை.
கொண்டை சொன்னது.
வலை, பதினாறு பின், எண்ணி எடுத்து வைத்தேன்.
தொப்பி அழுத்திய கோடு நெற்றியில்.
தோளைத் தொடும் முடிதான்.
இழுத்து இழுத்துக் கட்டியதில்
முன்நெற்றியோரம் அது
இரண்டு விரற்கடை பின்வாங்கியிருந்தது.

மகளுக்கு காலேஜ் டே, என்றார்.
அந்தப் பொண்ணுங்க மாதிரி. லூஸா.

இருபுறமும் இரண்டிரண்டு கற்றை முறுக்கி
பின்னால் சேர்த்தேன், மீதியை இறக்கிவிட்டேன்.
முன்பக்கம் எதையும் இழுக்கவில்லை.
அங்கே இழுத்தது போதும்.
காதோரம் ஒரு கற்றையை விடுவித்தேன்.
அதைக் காதுக்குப் பின்னால் செருகினார்.
எடுத்துவிட்டேன்.
செருகினார்.
ஐந்தாம் முறை இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
கை தானா போகுதும்மா, என்றார்.
கையை மடியில் வைத்து
அதன்மேல் கைப்பையை வைத்துக்கொண்டார்.

எண்ணூறு என்றேன்.
கலைச்சு விடறதுக்கா?
கட்ட நானூறு, கலைக்க நானூறு.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
சிக்னல் இல்லாத இடத்தில்
கை நீட்டிக்கொண்டு சாலையில் இறங்கினார்.
ஒரு தண்ணீர் டேங்கர் நின்றது.
அதன் பின்னால் ஆட்டோ, பிறகு எல்லாம்.
காற்றடித்தது,
கற்றை முகத்தில் விழுந்தது.
இடது கையில் பை,
வலது கையில் சாலை.
விழுந்த இடத்திலேயே இருந்தது அது,
அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை.