வெற்றெடை

சீனன்குடா மா ஆலையில்
லொறி நிறுப்பது என் வேலை.
வெறுமையாய் ஒரு முறை, மாவோடு ஒரு முறை.
கழித்து வருவதற்குத்தான் காசு.
பத்தொன்பது வருடம்
கழித்துக் கழித்தே சாப்பிட்டேன்.

முதலில் போனது இடது சிறுநீரகம்.
நாலு மாரி கடந்து
மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியில்
பஸ் ஏறக் கால் தூக்குகையில்
வலது தொடைக்குள்ளிருந்து
யாரோ கதவு தட்டினார்கள்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்து
டொக்டர் வீரக்கோன் தன் பாதித் தமிழில் சொன்னார்:
"ஒண்டுதான் மிஸிஸ் ஜெசிந்தா.
நுரையீரலில் இல்ல. முதுகில் இல்ல.
ஒண்டு எண்டா வெட்டலாம்.
பத்து எண்டா நான் கத்தி எடுக்க மாட்டன்."

ஒன்று எனக்குப் பெரிதாய்ப் படவில்லை.
அதன் பின்னால் ஒட்டி நின்ற அந்தத் 'தான்',
அதைப் பிடித்துக்கொண்டுதான்
படிவத்தில் கையெழுத்து வைத்தேன்.

வெட்டுவதற்கு முதல்நாள்
அதற்குப் போகும் இரத்தத்தை அடைத்தார்கள்.
சிறுநீரகத்திலிருந்து வந்தது
நிறையக் குடிக்குமாம்.
வீடு மாறியும் பழக்கம் மாறாதது.

ஒரு சாண் எலும்பு போய்
உலோகம் வந்தது.
மயக்கம் தெளிந்து நான் கேட்ட முதல் கேள்வி:
"எடுத்தது எவ்வளவு நிறை?"
தாதி கோப்பைப் புரட்டினாள்.
நீளம் எழுதியிருந்தது. அகலம் எழுதியிருந்தது.
நிறையை ஒருவரும் எழுதவில்லை.
என் வாழ்க்கையின் மிகப் பெரிய கழித்தலுக்கு
சிட்டை இல்லை.

மூன்றாம் நாள் விறாந்தையில் நடக்க வைத்தார்கள்.
"ஏறேக்க நல்ல கால், இறங்கேக்க கெட்ட கால்,"
பாடமாக்கச் சொன்னான் பயிற்சிக்காரப் பெடியன்.
வாசலில் ஒரு மான்
யாரோ எறிந்த லஞ்ச் சீட்டை மென்றுகொண்டு
நாலு குச்சி எலும்பில்
ஒன்றும் தெரியாமல் நின்றது.
எனக்கு அதன்மேல் கோபம் வந்தது. ஏனென்று தெரியாது.

ஐந்து மாதம் கழித்து வேலைக்குப் போனேன்.
கிண்ணியா ஜெமீல் லொறியை ஓரங்கட்டி,
"அக்கா, நீங்களே ஏறிப் பாருங்களன்,
உள்ளுக்க எவ்வளவு இரும்பெண்டு."
ஏறினேன்.
திரையில் அறுபது.
கைத்தடியை அவனிடம் கொடுத்தேன். அறுபது.
தடி, கைப்பை, சோற்றுப் பெட்டி,
எல்லாம் திரும்ப வாங்கினேன். அறுபது.

இருபது கிலோவுக்குக் குறைந்த பேச்சு
இந்தத் தட்டுக்குக் கேட்காது.
எனக்கு இது எப்போதோ தெரியும்.

மார்கழியில் அடுத்த ஸ்கேன்.
அந்த இயந்திரத்துக்கும்
ஓர் இருபது கிலோ இருக்கும்.
கடுகுக்குக் கீழே அதற்கும் கண் தெரியாது.
டொக்டரிடம் கேட்கவில்லை.
நிறுப்பவள் நிறுப்பவனைக்
காட்டிக் கொடுப்பதில்லை.

பின்னால் இன்னொரு லொறி ஹோர்ன் அடித்தது.
இறங்கினேன்,
கெட்ட கால் முதலில்.
திரை பூச்சியத்துக்குத் திரும்ப
மூன்று விநாடி எடுக்கும்.
நின்று பார்த்தேன்.
எடுத்தது.