முழுப் பேர்

போன ஞாயிறு கொட்டகலை.
அதற்கு முந்தியது மவுசாக்கலை,
நீர் வற்றிப் பழைய கோயில் சுவர் தெரிந்த நாள்.
இன்றைக்கு அப்புத்தளை.

விடிய மூன்றரைக்கே மல்லியப்பு சந்தியில் வேன்.
பௌசுல் டயர்க் கடைக்காரர்;
நல்ல சீட்டு உதிரி டயருக்கு, மிச்சம் எங்களுக்கு.
ஒன்பது பேர், இரண்டு பிளாஸ்டிக் கோன், ஒரு ஸ்டொப்வொட்ச்.
பின்னால் ரஞ்சிதமலர்,
மடியில் ரொட்டிப் பொட்டலம்.
நான் முன்னால் ஏறிக்கொண்டேன்.

காரணம் உண்டு.
வார நாளில் நான் கொழுந்து நிறுக்கிறவன்.
பதினெட்டுக் கிலோ வந்தால் ஒரு பேர்,
வராவிட்டால் அரைப் பேர்.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ
கழித்துத்தான் எழுத வேண்டும்.
எழுதச் சொன்னது நானில்லை,
எழுதியது நான்.

வியாழக்கிழமை அவளுக்குப் பதினேழு அறுநூறு.
என் பேனா யோசிக்கவில்லை.
அவள் சாக்கை உதறினாள்,
படங்கை இறுக்கிக் கட்டினாள்,
திரும்பவும் மலையேறிப் போனாள்.
மூச்சு வாங்கவில்லை.

எனக்கு வாங்கும்.
சீனி வருத்தம், நடக்கச் சொன்னார் டொக்டர்;
அதை ஓட்டம் என்பது ஒரு மரியாதைக்கு.
ஐந்து கிலோமீட்டர்.
ஒரு பக்கம் தேயிலை,
மறுபக்கம் ஒன்றுமில்லை,
கீழே எங்கோ வெல்லவாய வரைக்கும் வெறும் வெளிச்சம்.
முதல் வளைவில் பள்ளிக்கூடப் பையன்கள் மறைந்தார்கள்.
இரண்டாவதில் பால் சைக்கிள் முந்தியது.
பதுளை ரயில் தன் பாட்டுக்குப் போனது,
யன்னலில் ஒரு குழந்தை கை காட்டியது,
திருப்பிக் காட்டக் கை எழவில்லை.

எனக்குப் பின்னால் சுரங்கி மட்டும்.
கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் வர வேண்டும்,
யாரும் ரோட்டில் தனித்துப் போகக்கூடாது,
அது எங்கள் சட்டம்.
"ஹெமின், ஹெமின்" என்கிறாள்.
மெதுவாகவாம்.
இதைவிட மெதுவாக எனக்குத் தெரியாது, தங்கச்சி.

இன்னொரு சட்டமும் உண்டு:
முறை வைத்து ஆளுக்கொரு வேலை.
இந்த வாரம் நேரம் எழுதும் முறை
ரஞ்சிதமலருக்கு.

மழை பிடித்தது.
நாலாவது கிலோமீட்டரில் கணக்குப் பார்த்தேன்.
நனைந்த சட்டைக்கு எவ்வளவு கழிப்பாள்?
நடந்த தூரத்துக்கு?
மதகில் உட்கார்ந்து
சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோல் நடித்த
அந்த இரண்டு நிமிடத்துக்கு?
கழிக்கட்டும்.
மற்றவர்கள் தேத்தண்ணி குடித்து முடித்திருப்பார்கள்.
அவளும் வேனுக்குள் இருப்பாள்,
நான் என்றால் இருந்திருப்பேன்.

கோனில் ஒன்றை ஏற்கெனவே வேனில் ஏற்றியிருந்தார்கள்.
மற்றதற்குப் பக்கத்தில் அவள் நின்றாள்,
ஸ்டொப்வொட்ச் பொலித்தீன் பைக்குள்,
தலையில் ஒன்றுமில்லை.

"முப்பத்தொன்னு!"
என் இலக்கம் அது.
"அம்பத்திரெண்டு நிமிசம், பத்து செக்கன்."
பத்தையும் எழுதினாள்.
ஈரத்தாளில் பேனா ஊறியது;
முத்துக்கறுப்பன் சாந்தகுமார் என்று
அப்பா பெயரையும் விடாமல் எழுதினாள்.
"தண்ணி குடிங்க."
ஐயா என்று சேர்க்கவில்லை.
சேர்க்காதது நன்றாக இருந்தது,
அதுவும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது.

திரும்பும் வழியில் வியாழக்கிழமையைப் பற்றிப்
பேச நினைத்தேன்.
வெலிமடையில் நினைத்தேன்.
நுவரெலியாவில் பனிமூட்டம்.
நானுஓயாவில் தூங்கிவிட்டேன்.
எழும்பியபோது மடியில் அரை ரொட்டி,
யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கொழுந்து நனைந்தே வந்தது.
தராசில் இலக்கம் ஆடியது,
பதினெட்டு, பதினேழு தொள்ளாயிரம், பதினெட்டு.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
நிற்கட்டும் என்று நின்றேன்.

அவள் தராசைப் பார்க்கவில்லை.
"அடுத்த கிழம எங்க?"
"பொகவந்தலாவ."
"மேடா?"
"மேடுதான்."