பத்தொன்பது நாள்

தார்த்துவில் பனி. அருங்காட்சியக நிலவறையில்
வெப்பக்குழாய் மட்டும் முனகுகிறது.
விர்வே இரண்டு குப்பிகளை விளக்கருகே வைக்கிறாள்.

ஒன்றில் பெருத்த வயிறு, மஞ்சள் வரி:
சாரேமா தீவின் பள்ளிக்கூட வாத்தியார் பிடித்துப் பெயரிட்டது.
மற்றதில் எள்ளளவு உடம்பு, எரிந்த தீக்குச்சிக் கருப்பு:
ஹாப்சாலு மருந்துக்கடைக்காரரின் புதிய இனம்.
கடைசிவரை இருவருக்கும் கடிதத்தில் சண்டை.
உமது சிலந்தி எனதுக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை ஐயா.

நேற்று ஆய்வகம் ஆளுக்கொரு காலை அரைத்துப் படித்துச் சொன்னது:
பெண். ஆண். ஒரே இனம்.

முந்திய பெயர் நிற்கும், பிந்தியது விழும்.
இரண்டுக்கும் ஒரே ஆண்டு.
மூன்று வாரம் தேடி, பழைய இதழொன்றின் உறையில்
பாதி அழிந்த தபால் முத்திரையைப் பிடித்தாள்.
பத்தொன்பது நாள்.
மருந்துக்கடைக்காரர் ஜெயித்தார்.

தோற்ற பெயரை அடித்துவிடக் கூடாது.
வென்றதன் கீழே, பொடி எழுத்தில்,
வாத்தியார், ஆண்டு, பக்க எண் சகிதம்
என்றைக்கும் இருக்கட்டும்.
பிழைக்கும் ஒரு முகவரி.

அங்கே சதுப்பில்,
எந்த இதழும் அச்சேறாத காலந்தொட்டு
எள்ளளவு உடம்பொன்று வலையோரம் நின்று
ஒரு நூலைச் சுண்டிக் காத்திருக்கிறது.
தாளம் தப்பினால் இரை.
தப்பாதவர்களின் பிள்ளைகள்தாம் இன்றிருக்கும் அத்தனையும்.
யார் வீட்டு வாசல் என்று
அவற்றுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

குறைந்திருந்த சாராயத்தை இரண்டிலும் ஊற்றி
மூடிகளை இறுக்கினாள் விர்வே.
ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.
பிறகு யோசித்து,
நடுவே ஒரு விரற்கடை இடம் விட்டாள்.